காற்றின் மேல் போட்ட பழி

கெரவா மைதானத்தில் அன்றைக்குக் காற்றே இல்லை. அதை நான் ஆட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை, வெங்காயப் புகையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். கேண்டீனுக்கு வெளியே, அதை நடத்துகிற டெல், இரும்புத் தட்டில் சாசேஜும் வெங்காயமும் வதக்கிக்கொண்டிருந்தாள். புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போனது. கிளப் கட்டடத்தின் உச்சியில் கொடி ஈரத்துண்டு போலத் தொங்கியது. நான் என் மஞ்சள் சுபாரு காரை வேலியோரம் மைதானத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, முழங்காலில் கம்பளியும் மடியில் பிளாஸ்க்குமாக உட்கார்ந்திருந்தேன். ஜார்வி டன்ஸ்டன் என்கிற பையனைப் பார்க்க வந்திருந்தேன். அந்த வருஷம் எங்கள் வட்டாரத்திலேயே அதிக கோல் அடித்தவன் அவன். அன்றைக்கு என்னவோ பந்துக்கும் அவனுக்கும் சண்டை போலிருந்தது. வழக்கம்போல ‘காற்று’ என்று எழுதிவிட்டுக் கிளம்பலாம் என்று பேனாவை எடுத்தபோதுதான் அந்தப் புகை கண்ணில் பட்டது.

வாரநாட்களில் நான் டிரைவிங் லைசென்ஸ் பரீட்சை எடுப்பவள். இந்த மல்லீ வட்டாரத்தில் முப்பது வயதுக்குள் இருக்கிற யாரைக் கேட்டாலும் நரெல் என்ற பெயர் தெரியும். பாதிப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வார்கள். சனிக்கிழமைகளில், மெல்பர்னில் இருக்கும் ஒரு பெரிய ஃபுட்பால் கிளப்புக்காக ஊர் ஊராகப் போய் ஆள் தேடி ஆட்டம் பார்க்கிறேன். எங்கள் ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம், குத்தலாம். வருஷக் கடைசியில் டிராஃப்ட் நடக்கும். பெரிய கிளப்புகள் வரிசைப்படி பெயர் கூப்பிட்டுப் புது ஆட்களை எடுத்துக்கொள்ளும். முதலில் கூப்பிடப்படுகிற பையன்களை நாடே அறியும், அவர்களைக் கண்டுபிடிக்க நான் தேவையில்லை. என் மாதிரி ஆட்களுக்கு வேலை கடைசியில்தான். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் இன்னும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று சுரண்டிப் பார்க்கிற வேலை. எனக்கு அது பிடித்த வேலை.

கெரவாவைப் பற்றி ஆள் தேடுகிற எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மைதானத்தின் தெற்கே கோதுமை கொட்டி வைக்கிற இரண்டு பெரிய சைலோக்கள் நிற்கின்றன. அவற்றின் இடுக்கில் புகுந்து வருகிற காற்று பந்தை முறுக்கிவிடும், அதனால் கெரவாவில் ஆடியதை வைத்து எந்த கோல்காரனையும் எடை போடக் கூடாது. இதை யார் ஆரம்பித்து வைத்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு ஒருத்தர் சொன்னார், நான் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சொன்னேன். போன வருஷம் ஒரு செம்பட்டைத் தலைப் பையன், சீசன் முழுக்க கோலாக அடித்துக் குவித்தவன், இங்கே வந்து ஒன்றும் கிழிக்கவில்லை. காற்று என்றோம். அதற்கு முந்தின வருஷம் வந்தவன் இப்போது டிவியில் ஆடுகிறான். கெரவாவில் அவன் பந்தைத் தொட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை. அதற்கும் காற்று. எங்கள் கிளப்பில் ஆள் எடுக்கிற பிரிவுக்குத் தலைவரான ஸ்டாவ், கெரவா என்ற பெயரைக் கேட்டாலே, “பெட்ரோல மிச்சம் பண்ணுங்க நரெல்” என்பார்.

புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் இந்தப் பையனுக்கு என்ன வந்தது?

பரீட்சை எடுக்கும்போது நான் ரோட்டைப் பார்க்க மாட்டேன், ஓட்டுகிறவர்களின் கண்ணைத்தான் பார்ப்பேன். அதே பழக்கத்தில் ஜார்வியை விட்டுவிட்டு, அவனை ஒட்டி நின்றுகொண்டிருந்தவனின் கண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன். கெரவாவின் ஃபுல் பேக். எதிரணியின் கோல்காரனைக் காவல் காக்கிறவன். எல்லாரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் ஜார்வியின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜார்வி எங்கே ஓடலாம் என்று நினைக்கிறானோ அந்த இடத்தில் இவன் முன்கூட்டியே போய், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நின்றான். ஜார்வி அவனைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் பந்து வேறெங்கோ போய்விடும். ஒரே ஒரு தடவை பந்து இருவர் தலைக்கும் மேலே நன்றாக வந்தது. அவன் எழும்பியதைப் பார்த்து நான் மடியிலிருந்த பிளாஸ்க்கைக் கவிழ்த்துக்கொண்டேன். அவ்வளவு உயரம். ஆனால் பந்தைப் பிடிக்கவில்லை, முஷ்டியால் ஒரு குத்து விட்டு எல்லைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு, சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டான்.

அந்தப் பக்கம் கெரவாக்காரன் ஒருவன் கோல் அடித்தான். வேலியைச் சுற்றி நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்தன. எங்கள் பக்கத்து வழக்கம் அது, கைதட்டக் காரை விட்டு இறங்க வேண்டியதில்லை. நானும் மரியாதைக்கு ஒரு தடவை அழுத்தினேன். அழுத்தும்போதுதான் தோன்றியது: விழுந்த கோலுக்குத்தான் ஹாரன். விழாத கோலுக்கு யார் அடிப்பார்கள்? மூன்று வருஷமாக அந்த முனையில் விழாத கோலையெல்லாம் நாங்கள் காற்றின் கணக்கில் எழுதியிருக்கிறோம்.

அந்தக் காவல்காரனை எனக்குத் தெரியும். ரீஸ் கல்லினன். இருபத்தாறு வயது, அந்த ஊர் பிளம்பர். முன்னால் ஒட்ட வெட்டிப் பின்னால் கழுத்து வரைக்கும் வளர்த்த முடி, அதில் அவனுக்குப் பெருமை வேறு. பரீட்சையில் இரண்டு தடவை ஃபெயில் போட்டிருக்கிறேன். வண்டியை நன்றாகத்தான் ஓட்டினான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்ததுதான் குற்றம்.

ஆட்டம் முடிந்ததும் ஜார்வியைப் பிடித்தேன். பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பெரிய கிளப் ஆள் என்றால் பையன்களுக்கு அப்படி ஒரு பயம்.

“இன்னிக்கு என்னடா ஆச்சு?”

“காத்து” என்றான்.

“எங்கடா காத்து? கொடியப் பாரு.”

கொடியைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். “அந்தாளு பேசிக்கிட்டே இருக்கான்” என்றான்.

“திட்டினானா?”

“இல்லல்ல. நல்ல மனுஷன். எங்கம்மா எங்க வேலை பாக்கிறாங்கன்னு கேட்டான்.” மிச்சத்தைச் சொல்லாமல் குனிந்து பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டான். காது மட்டும் சிவந்துவிட்டது.

என்ன பேசினான் என்று தெரியாமல் எனக்கு இரண்டு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. ஆளை மயக்குகிற மாதிரி அப்படி என்னத்தைப் பேசுவது? கெரவாவின் அடுத்த ஆட்டத்துக்கு ஸ்டாவிடம் சொல்லாமல் என் சொந்தப் பெட்ரோலில் போனேன். இந்தத் தடவை காரில் உட்காரவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால், மெர்வுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மெர்வ்தான் அந்த முனையின் கோல் நடுவர். எழுபது தாண்டியவர், வெள்ளைக் கோட்டைத் தானே இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வருவார். கோல் விழுந்தால் இரண்டு விரலை நீட்டிவிட்டுக் கொடியாட்ட வேண்டும், அதற்காகவே பிறந்தவர் மாதிரி ஆட்டுவார்.

“மெர்வ், இந்த ரீஸ் எதிராளிகிட்ட என்னதான் பேசுறான்?”

“நான் நடுவரும்மா. இங்க நின்னு கேக்கிறத வெளிய சொன்னா நாளைக்கு என்னைய யாரு நிக்க விடுவா?” என்றார். பிறகு கண்ணைச் சிமிட்டி, “நீ வேணா காதத் தீட்டி வெச்சுக்க. அதுக்கு நான் பொறுப்பில்ல” என்றார்.

அன்றைக்கு எதிரணியில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன். அவன் பெயரும் பெரிய கிளப்புகளில் அடிபட்டுக்கொண்டிருந்தது. ரீஸ் அவனோடு கை குலுக்கினான். காரைப் பற்றிக் கேட்டான். வீட்டில் நாய் இருக்கிறதா, என்ன ஜாதி நாய் என்று கேட்டான். பையனும் சிரித்துப் பேசினான். பந்து தூரத்தில் கிடந்தது. அப்போது ரீஸ், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில், “ஆமா, டிராஃப்ட்ல உன் பேரக் கூப்பிடலைன்னா என்ன பண்றதா இருக்க?” என்றான்.

பையன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துப் பந்து இந்தப் பக்கம் வந்தது. ரீஸ் ஓடிவிட்டான். பையன் கொஞ்சம் கழித்துத்தான் ஓடினான். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுக்க அந்தக் கொஞ்சத்தை அவனால் சமாளிக்க முடியவில்லை.

சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. இதுதானா சூட்சுமம்? பையன்களைக் கலங்கடிப்பதுதான் இவன் திறமையா? அப்படியானால் இவனைக் கூட்டிக்கொண்டுபோய் என்ன செய்வது? சந்தேகம் தீரவில்லை, அடுத்த வாரமும் போனேன். அந்த வாரத்து எதிரணியின் கோல்காரர் முப்பத்து மூன்று வயதுக் கசாப்புக் கடைக்காரர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், டிராஃப்ட் என்றால் சிரிப்பார். அவரிடம் ரீஸ் எதுவுமே கேட்கவில்லை. ஆட்டுக்கால் விலையைப் பற்றிப் பேசினான். அவருக்கும் ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. மூச்சு வாங்க என் பக்கத்துக் கம்பத்தில் சாய்ந்து, “இவன் கால்ல ஸ்பிரிங் வெச்சிருக்கானா பாரும்மா” என்றார். எனக்கு அப்போதுதான் நிம்மதியானது. கால் நிஜம். கேள்வி சும்மா மேலே தூவுகிற உப்புதான்.

அவனிடம் பேசுவதற்கு ஒரு செவ்வாய்க்கிழமை வசதிப்பட்டது. மாதத்தில் முதல் செவ்வாய் கெரவாவில் பரீட்சை நாள். முடித்துவிட்டு கிளப்புக்குப் போனேன். கிளப் அறையின் மூலையிலிருக்கிற கேண்டீனில் குழாய் உடைந்து, டெல் கப்புகளைக் கழுவ முடியாமல் பக்கெட்டில் நனைத்துக்கொண்டிருந்தாள். கழுவுதொட்டிக்குக் கீழே அலமாரிக்குள்ளிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

“ரீஸ், உன்னத் தேடி எமன் வந்திருக்கு” என்று டெல் கால்களிடம் சொல்லிவிட்டு, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

நான் தரையில் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். டிராஃப்டுக்கு அவனே பெயர் கொடுத்தால்தான் யாரும் எடுக்க முடியும், அதற்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது, எங்கள் கிளப்புக்குக் கடைசியில் ஒரு இடம் இருக்கிறது, நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன். உள்ளே ஸ்பேனர் நின்றது.

“நரெல், நீங்க என்னைய ரெண்டு தடவ ஃபெயில் போட்டவங்க.”

“மூணாவது தடவ பாஸ் போட்டேன்ல?”

“எனக்கு வேணாம். நான் ஒரு தடவ பேரு கொடுத்தாச்சு.” ஸ்பேனர் ஒரு சுற்றுச் சுற்றியது. “பதினெட்டு வயசுல. இதே ரூம்லதான். ஊரே வந்து உக்காந்திருந்தாங்க. டெல் கேக் பண்ணியிருந்தா. எந்த டீமு எடுக்கும்னு தெரியாதில்ல, அதனால வெறும் வெள்ளை க்ரீம். பக்கத்துல கிண்ணத்துல செவப்பு, நீலம், மஞ்சள், கறுப்புன்னு எல்லாக் கலரும் கலக்கி வெச்சிருந்தா. பேரு சொன்னதும் அந்த டீமோட கலரப் பூசிடலாம்னு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, கடைசிப் பேரும் வந்தது. ஒருத்தரும் எந்திரிக்கல. ஒருத்தரும் கேக்கத் தொடல. அந்தக் கிண்ணமெல்லாம் அப்படியே காஞ்சு போச்சு. அடுத்த ஒரு வருஷம் நான் எந்த வீட்டுக்குக் குழாய் மாட்டப் போனாலும், எழவு வீட்டுக்காரன் வந்த மாதிரி மெதுவாப் பேசுவாங்க. டீயோட ரெண்டு பிஸ்கட் கூட வெப்பாங்க. அதத்தான் தாங்க முடியல நரெல். அந்தப் பிஸ்கட்டு.”

ஆனாலும் கேட்டுவிடுவது என் சுபாவம். “அப்படிப்பட்டவன், அதே கேள்விய அந்தப் பசங்ககிட்டக் கேக்கலாமா? பாவமில்லையா?”

அவன் அலமாரிக்குள்ளிருந்து வெளியே வந்தான். முகமெல்லாம் கறுப்பு. உண்மையாகவே ஆச்சரியப்பட்டவன் போலிருந்தான். “நான் வெளையாட்டுக்குக் கேக்கிறேன்னா நெனச்சீங்க? ஆட்டத்துக்கும் உதவுது, சரி, இல்லேங்கல. ஆனா என்கிட்ட அன்னிக்கு வரைக்கும் ஒருத்தருமே அதக் கேக்கல. கேட்டிருந்தா ஒரு பதிலாவது யோசிச்சு வெச்சிருப்பேன்.”

“யாராவது பதில் சொல்லியிருக்காங்களா?”

அவன் சிரித்தான். “ஒரே ஒருத்தன். ‘எங்கப்பா கடையில கோழி உரிப்பேன்’னான், டக்குனு. அன்னிக்கு என் தலைமேல அஞ்சு கோல் அடிச்சான் படுபாவி.”

நான் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு கதவு வரை போய்விட்டேன். பின்னாலிருந்து, “பேரு கொடுத்தா ஊருக்குத் தெரியக் கூடாது” என்றான். “ஒரு ஆளுக்கும். டெல்லுக்கு முக்கியமா. அவ க்ரீம் கலக்க ஆரம்பிச்சிருவா.” சத்தியம் செய்தேன். டிராஃப்ட் அன்றைக்கு அவன்கூட இருப்பதாகவும் சொன்னேன். அவன் வேனை ஊருக்கு வெளியே எங்காவது நிறுத்திக்கொண்டு, நானும் அவனும் மட்டும் போனில் பார்த்துக்கொள்வது என்று பேச்சு.

ஸ்டாவைச் சம்மதிக்க வைப்பது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. “இருபத்தாறு வயசு. பிளம்பர். கெரவா.” ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போனில் சிரித்தார். “நம்ம ஆபீஸ்ல குழாய் ஒழுகுது, அதுக்கு வேணா எடுத்துக்கலாம்.” அவர் விரும்பியது பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் படிக்கிற நெட்டைப் பையனை, ஆடத் தெரியாது, ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கிறான் என்பது அவன் தகுதி. நான் புகையைப் பற்றிச் சொன்னேன். மூன்று வருஷத்துப் பையன்களின் பெயர்களையும் வரிசையாகச் சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு நின்றது. இறுதிச் சுற்று ஆட்டத்துக்கு அவரே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கெரவாவுக்கு வந்தாராம், என்னிடம் கூடச் சொல்லவில்லை. திரும்பிப் போகும் வழியில் கூப்பிட்டார். “நரெல், அங்க காத்தே இல்ல” என்றார், ஏதோ பொருளைத் தொலைத்தவர் போல. பிறகு, “கடைசி எடத்துக்கு ரெண்டு பேர வெச்சிருக்கேன். நெட்டையன், உங்க பிளம்பர். அந்த நேரத்துலதான் முடிவு. நான் எதுவும் சத்தியம் பண்ணல” என்றார்.

டிராஃப்டின் முதல் நாள் சாயங்காலம் எல்லாம் டிவிதான். கோட்டு சூட்டு, அம்மாக்கள் அழுவது, கேமரா. ஜார்வி டன்ஸ்டனை நடுவிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் மிச்சம் மீதி. அதை யாரும் ஒளிபரப்புவதில்லை. கம்ப்யூட்டர் திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பெயர் வரும், அவ்வளவுதான். நான் மூன்று மணி நேரம் ஓட்டி கெரவாவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அன்றைக்குத்தான் அடித்தது காற்று. வடக்கிலிருந்து, அடுப்பைத் திறந்த மாதிரி. அறுவடைக் காலம், கோதுமை காய்ந்து நிற்கிறது. இந்த மாதிரி நாளில் அறுவடை இயந்திரத்திலிருந்து ஒரு பொறி பறந்தால் மாவட்டமே போய்விடும். அதனால் அறுவடையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வயலில் இருக்க வேண்டிய ஊர் மொத்தமும் வேலையில்லாமல், ஏசி இருக்கிற ஒரே பெரிய அறையான கிளப்பில் வந்து உட்கார்ந்திருந்தது. அதோடு, கேண்டீனில் மறுபடியும் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டுகிறது என்று டெல் ரீஸைக் கூப்பிட்டுவிட்டாள். ஊருக்கு வெளியே வேனை நிறுத்திக்கொண்டு நானும் அவனும் மட்டும் என்ற திட்டம் இப்படிப் போனது. சரி, நான் போய் அவனை எப்படியாவது வெளியே கிளப்பிவிடலாம் என்று கிளப் வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தேன்.

பேச்சு நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஜன்னல் வழியாக என் மஞ்சள் சுபாருவைப் பார்த்தார்கள்.

டெல்தான் கேட்டாள். “இன்னிக்கு வியாழக்கிழமை. பரீட்சை கெடையாது. டிராஃப்ட் நாளும் அதுவுமா நீ இங்க எதுக்கு வந்த நரெல்?”

இவ்வளவு வருஷம் கண்ணாடியைப் பார், பின்னால் பார் என்று ஊருக்கே பாடம் எடுத்தவள் நான். என் காரை வட்டாரத்தில் நாய்க்குக்கூடத் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பொய் ஒன்று தேடுவதற்குள் என் கண் கேண்டீன் பக்கம் போய்விட்டது. கழுவுதொட்டிக்குக் கீழே நீட்டியிருந்த பூட்ஸ் கால்கள் அசையாமல் இருந்தன. வெட்கத்தில் அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அப்போது அந்த ஊர் ஒரு காரியம் செய்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருத்தன் எழுந்துபோய் சுவர்ப் பலகையில் டார்ட்ஸ் எறிய ஆரம்பித்தான், எண்ணிக்கையைச் சொல்லாமல். சீட்டுக்கட்டு ஒன்று வெளியே வந்தது. சுவரில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். பார் மேஜையின் ஓரத்தில் ஒரு லேப்டாப் தானாக முளைத்தது போல வந்து உட்கார்ந்தது. எல்லாரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும்தான் அதைப் பார்த்து நின்றேன். பெயர்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் அறையில் சீட்டு விழுகிற சத்தம் ஒரு நொடி நிற்கும். யாரும் திரும்ப மாட்டார்கள். மறுபடி சீட்டு விழும்.

மெர்வ் மட்டும் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “இந்தக் காத்துல இங்க நெட்டு நிக்காது. நான் கார்ல போய் உக்காந்து போன்ல பாக்கிறேன்” என்று என் காதருகே சொன்னார். “வந்தாலும் ஹாரன் அடிப்பேன், வரலைன்னாலும் அடிப்பேன். எத்தன வருஷமா என் கண்ணு முன்னால ஆடுறான், ஒரு தடவகூட எவனும் அவனுக்கு அடிச்சதில்ல.” அவர் கதவைத் திறந்தபோது மணல் உள்ளே அடித்தது. அவரோடு இன்னும் நாலைந்து பேர் சிகரெட் பிடிக்கப் போவது போல எழுந்து போனார்கள். அவர்களில் சிகரெட் பிடிக்கிறவர் ஒருவர்கூட இல்லை.

டெல் கழுவுதொட்டி அருகே போய் நின்றாள். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவள் கேக் எதுவும் செய்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும் செய்திருக்க மாட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்து நினைத்தேன். அவள் குனிந்து, அலமாரிக்குள் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “ரீஸ், பேரு வரலைன்னா என்னடா பண்ணப் போற?” என்றாள்.

டார்ட்ஸ் எறிகிறவன் கையை ஓங்கியபடி நின்றான். எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில் யாரும் கேட்காத கேள்வி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“இந்த வாஷர மாத்தணும்” என்றான் கடைசியில். “அப்புறம் உங்க வீட்டு ஹீட்டர். போன மாசமே சொன்னீங்க. அத எப்படியும் பாத்துக் கொடுத்திடுறேன் டெல், எங்கயாவது போறதா இருந்தாலும்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், டெல்லும். “பிஸ்கட்டு கெடையாது” என்றாள் அவள். “பரவாயில்ல” என்றான் அவன். ஸ்பேனர் மறுபடியும் திருக ஆரம்பித்தது.

திரையில் எங்களுக்கு முன்னால் இருந்த கிளப்பின் பெயர் போனது. அடுத்து எங்கள் கிளப்பின் சின்னம் வந்தது. அதன் பக்கத்தில் வெற்றிடம். அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்து, சுற்றிக்கொண்டே இருந்தது. காற்று தகரக் கூரையைப் பிடித்து ஆட்டியது. லேப்டாப்பைத் தட்டினேன். அசையவில்லை. மெல்பர்னில் ஏதோ ஓர் அறையில் ஸ்டாவ் ஏற்கெனவே ஒரு பெயரைச் சொல்லி முடித்திருப்பார். அது உலகத்துக்கே தெரிந்திருக்கும், இந்த அறைக்கு மட்டும் தெரியாது.

வெளியே ஒரு ஹாரன் அடித்தது. நீளமாக. வந்ததற்கா, வராததற்கா என்று மெர்வுக்குத்தான் தெரியும்.

ஸ்பேனர் நின்றது. அறையில் இன்னும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை முதுகும் அசையாமல் இருந்தன.

“காத்து” என்றான் ரீஸ், அலமாரிக்குள்ளிருந்து.

இரண்டாவது ஹாரன் அடித்தது. பிறகு மூன்றாவது. பிறகு வாசலில் நின்ற கார்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன, அந்தச் சத்தத்தில் கூரைத் தகரத்தின் சத்தமே கேட்கவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கழுவுதொட்டிக்குக் கீழே நீட்டியிருந்த இரண்டு பூட்ஸும் மெல்ல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அப்படியே நின்றன.